நாலு கைக் கொள்ளு

1

என் மகள் பிலோமினாவுக்குப் பத்தொன்பது முடிந்த அன்றைக்குத்தான் சேலத்துச் சூரமங்கலத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கேக் வெட்டாமல் பிறந்தநாள் போகக்கூடாது என்று அவள் ஒரே பிடிவாதம். ரேஷன் மாவில் சுட்ட கேக் செங்கல் மாதிரி இருந்தது. அதை மென்றுகொண்டே நான் உறையைக் கிழித்தேன். கடல் தாண்டி இந்த ஈப்போவில் எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் சூசைக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும், அதுவும் கோலம் போடுவதுபோல. மகள் கான்வென்டில் இங்கிலீஷ் படித்து ஒரு கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கிறாள். தமிழ் எழுத்தைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

சூசை லாயத்திலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "படி" என்றார்.

எழுதியது அவருடைய அண்ணன் இன்னாசி. எழுதியது என்றால், தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவனின் கை. விஷயம் இதுதான். இன்னாசிக்கு ஒரு காலும் கையும் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. கஞ்சி காய்ச்ச ஆளில்லை. அவர் பெண்சாதி லூர்து, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள், திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அவள் அம்மா செத்துவிட்டாள், கூடப் பிறந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். "நீ கப்பலேறும் முன்னால் அய்யன் நம் இரண்டு பேரையும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இருவரும் சம்மதித்தால் ஒழிய அந்தத் திருடி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்பது அய்யன் சொல். ஆகையால் உன் கையெழுத்தோடு பதில் வரவேண்டும். அதுவரை அவள் பழைய லாயத்தில் படுத்திருக்கிறாள்."

சூசை யோசிக்கவே இல்லை.

"எழுது புள்ள. எங்க அய்யன் ஊட்டுல திருடிக்கு எடமில்லைன்னு எழுது. செவலக் குட்டியக் கொன்னவ அவ. அந்த மாதிரி ஒரு குட்டிய நான் இந்தச் சீமைக்கு வந்தும் பார்க்கல."

"நாளைக்கு எழுதறேனுங்க" என்றேன்.

திருடியது நான். லூர்து அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம்வரை உங்களை இழுத்தடிக்க எனக்குப் பொறுமை கிடையாது.

2

நாளைக்கு என்றது மறுநாள் ஆயிற்று, அப்புறம் வாரம் ஆயிற்று. முதலில் காகிதம் இல்லை என்றேன். பிறகு மை கட்டிப்போய்விட்டது என்றேன். தபாலாபீஸில் கூட்டம் என்று ஒரு வாரம் ஓட்டினேன், அது முழுப் பொய்யும் இல்லை. யுத்தம் முடிந்ததிலிருந்து இந்த ஊரில் எதற்கும் வரிசை, எதற்கும் ஒரு பாரம் எழுதிக் கொடுக்கவேண்டும். சும்மா பெயர் பதியப் போனதற்கே நாலு தடவை நடக்கவிட்டார்கள். பிறந்த ஊர் சேலம் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன், அந்தச் சீனக் குமாஸ்தா சயாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். திருத்தப் போனால் இன்னொரு பாரம் என்றான். போடா என்று விட்டுவிட்டேன். அரசாங்கக் காகிதப்படி நான் இப்போது சயாம்காரி.

சூசை இங்கே ஒரு துரையின் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த குதிரைகள். ஒவ்வொன்றும் எங்கள் சூரமங்கலத்து வீட்டுக் கூரையளவு உயரம். அதற்கு ஓட்ஸ், கேரட், மீன் எண்ணெய். தும்மினால் டாக்டர் வருகிறார். ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தபோது ஒரு வைத்தியனும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. குதிரைமேல் எனக்குப் பொறாமை என்று பிலோமினா கிண்டல் செய்கிறாள். ஆமாம், பொறாமைதான். இன்றைக்கு நேற்றுப் பிடித்த பொறாமையா அது?

நான் இப்படிச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் லூர்து அங்கே லாயத்தில் படுத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளிப்போட்டேன்.

3

மாமனார் பெயர் சின்னப்பன். சூரமங்கலம் ஸ்டேஷனுக்கு ஜட்கா ஓட்டியவர். ஓட்டியதைவிடக் குட்டி வளர்த்ததில்தான் அவருக்குப் பேர். தம்மம்பட்டிப் பக்கம் போய், பால் மறந்த ஆறு மாதக் குட்டிகளைப் பிடித்து, நடத்தியே கூட்டி வருவார். எல்லாம் நாட்டு மட்டக்குதிரை. இரண்டு வயது ஆகும்வரை வைத்திருந்து ஜட்காக்காரர்களுக்கு விற்பார். மிச்சத்தை ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டுவார்.

வளர்த்தார் என்றதும் சீராட்டி வளர்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வளரவிடாமல் வளர்ப்பதுதான் அவர் வித்தை. ஜட்காவின் ஏர்க்காலுக்கு அடங்குகிற உயரத்தில் குதிரை நிற்கவேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம் போனால் வாங்க ஆளில்லை. ஆகவே ஐப்பசி மழை பெய்து, கண்ட இடமெல்லாம் கொழுக்கட்டைப்புல் மதமதவென்று கிளம்புகிற காலத்தில் குட்டிகளின் வாயில் கயிற்றுக்கூடு கட்டிவிடுவார். காலையில் ஒரு நாழிகை அவிழ்த்துவிடுவார், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் முழங்கால் அளவு பச்சைப்புல்லில் நின்றுகொண்டு அவை வாயடைத்துக் கிடக்கும். கூட்டைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து மூக்கில் ரத்தம் வரும்.

"தேய்க்கட்டும் தேய்க்கட்டும். ஈரப்புல்ல வயிறு முட்டத் தின்னா உப்பிச் செத்துப்போகும் சாமி" என்பார். அது நிஜம்தான். அவருடைய பொய்களில் பாதிக்குப் பாதி நிஜம் கலந்திருக்கும். அதனால்தான் அவரை யாரும் எதிர்த்துப் பேச முடிந்ததில்லை.

மார்கழிக் குளிரில் குட்டிக்குச் சளி பிடித்தால் பிழைக்காது. அப்போது மட்டும் உபசாரம். முதுகில் கோணிச்சாக்கு, தின்னக் காய்ந்த கடலைக்கொடி, காலையில் கொள்ளு வெந்த தண்ணீரில் கருப்பட்டி கரைத்து வெதுவெதுப்பாக ஒரு சட்டி. அந்தத் தண்ணீரில் மிஞ்சியதுதான் எங்களுக்கு ரசம். மாசி, பங்குனியில் புல் கருகிப்போகும். சோளத்தட்டை விலை ஏறும். தவக்காலமும் அப்போதுதான் வரும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் எல்லோருக்கும் ஒருவேளைச் சாப்பாடு, குட்டிகளுக்கும் ஒருவேளைத் தீனி. "ஆண்டவரே நாப்பது நாள் பட்டினி கெடந்தாரு" என்று குட்டிகளைப் பார்த்துப் பிரசங்கம் வேறு செய்வார்.

"இதுகளுக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டாராட்ட இருக்குது" என்று லூர்து என் காதில் சொல்லுவாள். நாங்கள் இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம்.

சித்திரையில் ஏரி வற்றியதும் நானும் அவளும் உள்ளே இறங்கி, காய்ந்த அருகம்புல்லை வேரோடு செதுக்குவோம். மூன்று தண்ணீரில் அலசவேண்டும். மண்ணோடு போட்டால் குட்டி வயிற்றில் மணல் சேர்ந்துவிடும். அலசி அலசி என் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அவள் வேப்பெண்ணெய் தடவிவிடுவாள். எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு இருபத்தைந்து இருக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை.

ஆனி பிறந்ததும் எல்லாம் தலைகீழ். ஒன்றரை வருஷம் வற்றப்போட்ட குட்டியை ஒன்றரை மாதத்தில் நிரப்பிக் காட்டவேண்டும். உயரம் இனிமேல் ஏறாது, சதை மட்டும் ஏறும், அது அவர் கணக்கு. இரண்டு வேளையும் வேகவைத்த கொள்ளு, தவிடு, எள்ளுப் புண்ணாக்கு. மேலில் ஈ வழுக்கும்.

4

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாதத்தில்தான் செவலைக் குட்டியும் வந்தது. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. மாமனார் யாரையும் கொஞ்சாதவர், அதை மட்டும் "அம்மிணி" என்பார். என்னை "ஏய்" என்பார். அடுத்த ஐப்பசியில் அது வாய்க்கூட்டோடு நின்றபோது நான் வயிற்றுப்பிள்ளையோடு நின்றேன். தையில் பிலோமினா பிறந்தாள்.

பிள்ளை பெற்றவளுக்கு என்று அந்த வீட்டில் தனிச் சாப்பாடு கிடையாது. ஆம்பிளைகள் தின்று எழுந்தபிறகு ஒரு உருண்டை களி, அந்த ரசத் தண்ணீர். தவக்காலம் முடிவதற்குள் என் பால் வற்றிவிட்டது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகும். காலும் கையும் ஈர்க்குச்சி. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிய ஞானத்தாய் ஒருநாள் வந்து பார்த்து, "இது தங்காது புள்ள, மனசத் தேத்திக்க" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொள்ளு வேகவைப்பது லூர்தின் வேலை. மாமனார் காலையில் தன் கையால் அளந்து கொடுப்பார். அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது அந்த வாசனை வரும் பாருங்கள், எனக்குத் தலை சுற்றும். ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். நாக்கு வெந்துபோயிற்று. திரும்பினால் குடத்தோடு அவள் நிற்கிறாள்.

கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தெருப்பக்கம் ஒருதரம் எட்டிப்பார்த்தாள்.

"ஒரு கை எடுத்துக்க. தெனமும் எடுத்துக்க. அதுக்கு மேல வேண்டாங்கண்ணு, குட்டிக்கும் வயிறு இருக்குதல்ல? கொறஞ்சதுக்கு நான் தவிடு போட்டுச் சமாளிச்சுக்கறேன்" என்றாள்.

தினம் ஒரு கை. பத்து நாளில் பால் ஊறியது. பிள்ளை நிஜமாகவே அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டு லூர்து கைகொட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

5

ஆனியில் ஒரு வியாழக்கிழமை. மாமனாரும் இரண்டு மகன்களும் வெளியே போயிருந்தார்கள், பொழுது சாயத்தான் வருவார்கள் என்று பேச்சு. லூர்து குட்டிக்குப் புல் செதுக்க ஏரிக்குப் போனாள். சட்டி நிறைய வெந்த கொள்ளு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கை எடுத்தேன். வீட்டில் யாரும் இல்லை. இரண்டாவது கை எடுத்தேன். மூன்றாவது, நாலாவது. பசி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. முதல் கை பிள்ளைக்காக. மற்ற மூன்றும் ருசிக்காக. உப்புக்கல்லைக் கடித்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து தின்றேன்.

அப்போது வாசலில் ஜட்கா வந்து நிற்கிறது. மாமனார் பாதி வழியிலேயே மகன்களோடு திரும்பி வந்துவிட்டார். கூடவே திருச்செங்கோட்டிலிருந்து குட்டி வாங்க வந்த ஒரு ஜட்காக்காரர். எங்கள் பக்கம் குட்டி வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், ஆனால் தீனி தின்பதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். முகம் சுளிக்காமல் தின்கிறதா, தின்றபிறகு தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதற்குச் சட்டி நிறைந்திருக்க வேண்டும்.

சட்டியில் பாதி இல்லை.

"ஏய், தீனியக் கொண்டா!"

லூர்து தவிடு போட்டு மறைப்பாள் என்று சொன்னேனே, தவிடு எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கொள்ளுக் குதிர் மட்டும் எதிரில் இருந்தது. கையை விட்டு அள்ளினேன். ஊறாத, வேகாத, பச்சைக் கொள்ளு. அடியில் அதைக் கொட்டி, மேலே வெந்ததைப் பரப்பி, கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மிணி நன்றாகத் தின்றது. சட்டியை நக்கிக்கூட வைத்தது. வாங்க வந்தவருக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர் காட்டினார்கள், ஒரு வாளியை நிறுத்தாமல் உறிஞ்சியது. "புடிச்சிருக்குதுங்க, ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பச்சைக் கொள்ளு தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று குதிரை வைத்திருக்கிற வீட்டில் யாருக்கும் சொல்லித்தரவேண்டாம். ஒரு மணி நேரத்தில் குட்டி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு படுத்தது, எழுந்தது, புரண்டது. வயிறு மத்தளம்போல் விம்மிவிட்டது. பெருங்காயம் கரைத்து ஊற்றினார்கள், நடக்கவைத்தார்கள், சூசை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். விளக்கு வைக்கும் முன்னால் செத்துப்போயிற்று.

தோல் உரிக்க வந்தவன் வயிற்றைத் திறந்து காட்டினான். மாமனார் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். உப்பிப்போன முழுக் கொள்ளு. அந்தக் கையோடு நேராகச் சமையலறைக்கு வந்து, அப்போதுதான் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு நின்ற லூர்தின் முகத்தில் அதை வீசி அடித்தார்.

"வெந்ததத் தின்னுட்டுப் பச்சைய வெச்சயாடி? மலடிக்கு வயிறு ஒண்ணுதான் கேடா?"

"நானில்லீங்க மாமா. நான் ஏரிக்கல்லங்க போயிருந்தேன்" என்றாள்.

"வேகவெச்சது ஆரு?"

"நான்தானுங்க."

அவ்வளவுதான் விசாரணை. இன்னாசி அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நீ சொல்லு என்று பார்த்தாள். நான் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பால் கொடுக்கிறவளை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குப் பிள்ளைக்குப் பசிகூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது.

6

சொல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டுச் சொன்னேன். எங்கள் பங்குச் சாமியார் கிழவர், கறாரானவர். "கொள்ளைத் தின்றது சின்னப் பாவம். ஒருத்தியின் பேரைத் தின்றது பெரிய பாவம். பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் மன்னிப்புத் தருகிறேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். கொடுக்கப் போனால் கையில் பிள்ளையோடு நான் தெருவில் நிற்கவேண்டியதுதான். நான் கொடுக்கவில்லை. அந்த வருஷமே சூசைக்கு இங்கே வேலை அமைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எனக்கு ஊரைப் பிரிகிற துக்கம் ஒரு பொட்டும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இங்கே வந்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். தமிழ் அவ்வளவாகத் தெரியாத வெள்ளைக்காரச் சாமியாராகத் தேடிப் போனேன். வேகமாக, கொங்குப் பேச்சில், ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்குக் குதிரை என்பதும் தீனி என்பதும் மட்டும் விளங்கியிருக்க வேண்டும். மெல்லச் சிரித்துவிட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டுப் பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன். பதினெட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வாங்குகிறேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் லூர்தின் பெயர் ஒரு விளையாட்டு வார்த்தை ஆகிவிட்டது. சூசை ஆரம்பித்து வைத்தார். பிலோமினா சின்னதில் சர்க்கரை டப்பாவில் கைவிட்டால், "லூர்து பெரியம்மா வந்துட்டா டோய்" என்பார். பிள்ளை கெக்கெக்கே என்று சிரிக்கும். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு கிழங்கு குறைந்தாலும் அதே பேச்சு. நானும் சிரித்திருக்கிறேன். பல தடவை முதலில் சிரித்தது நான்தான்.

கேக் வெட்டிய அன்றும் அப்படித்தான். நான் கடிதத்தை மடித்து வைத்ததும் பிலோமினா, "அந்தக் கொள்ளுத் திருடியா அம்மா? ஸ்டில் அலைவ்?" என்று கேட்டாள். வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு, கன்னம் உப்ப, நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்து கேட்டாள். எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. அறைந்தால் ஏன் என்று கேட்பாளே, அதனால் அறையவில்லை.

7

மூன்றாவது வாரம் சூசைக்குப் பொறுமை போயிற்று. மைக்கூட்டையும் காகிதத்தையும் அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அண்ணனுக்குத் தம்பி சூசை எழுதறது. அய்யன் சொல்லு சொல்லுதான். அந்தத் திருடிய லாயத்துல கூடப் படுக்கவிடாத. நான் சம்மதிக்கமாட்டேன். எழுதிட்டியா?"

"எழுதறேன், மெதுவாச் சொல்லுங்க."

நான் எழுதியது இது: "அண்ணனுக்குத் தம்பி சூசை எழுதுவது. லூர்து அண்ணியை வீட்டில் சேர்த்துக்கொள்ள எனக்குப் பூரண சம்மதம். செவலைக் குட்டிக்குப் பச்சைக் கொள்ளு வைத்துக் கொன்றது என் பெண்சாதி ஆரோக்கியம். வெந்த கொள்ளைத் தின்றவளும் அவளே. லூர்து அண்ணி ஏரியில் இருந்தார். இதை அவருக்கு எதிரில் வாசித்துக் காட்டவும்."

தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் பெயரில் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் வாசல் திறக்க அவர் கையெழுத்து வேண்டும், அவரிடம் உண்மையைச் சொல்லி அதை வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே மறுபடியும் திருட்டுத்தனமாகத்தான் செய்தேன்.

"கடுமையா எழுதியிருக்கியா?" என்று கேட்டார்.

"கடுமையாத்தானுங்க எழுதியிருக்கேன்."

பேனாவை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, சூ என்று ஒரு வளைவு, சை என்று இரண்டு வளைவு போட்டார். காயும்வரை ஊதினார். நானே கொண்டுபோய் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்தேன்.

8

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம். சூசை நாற்காலியை இழுத்துப் போட்டு, "படி" என்றார்.

உறையைப் பிரித்ததும் முதல் இரண்டு வரியில் எனக்கு விளங்கிவிட்டது. மாற்றிப் படித்திருக்கலாம். அவள் போய்விட்டாள், விஷயம் முடிந்தது என்று படித்துவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பும் வரத்தான் செய்தது. ஆனால் வாய் தானாக உள்ளபடியே படித்துக்கொண்டு போயிற்று.

"தம்பி சூசைக்கு. உன் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. செவலையைக் கொன்றது உன் பெண்சாதி என்று நீயே எழுதியிருக்கும்போது நான் என்ன சொல்ல. கடிதம் எழுதுகிறவனை வாசலுக்கு வரவழைத்து வாசிக்க வைத்தேன். லூர்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு உள்ளே வந்தாள். எனக்கு இப்போது கஞ்சி அவள்தான் ஊட்டுகிறாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கி வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டாள். தினம் ஸ்டேஷனுக்குப் போய், படித்தவனாக யாரைக் கண்டாலும் நிறுத்தி, சத்தமாக வாசிக்கச் சொல்கிறாள். ஜட்காக்காரர்கள், போர்ட்டர்கள், டிக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது. ஆரோக்கியத்துக்கு என்று ஒரு சேதி சொன்னாள், சொன்னபடியே எழுதச் சொன்னாள்: 'எங்க ஆத்தா ஊட்டுல பத்தொம்பது வருசம் எனக்குச் சோறு போடறப்பவெல்லாம், அளந்து போடுங்க, இவ கை நீளம்னு சொல்லித்தான் போட்டாங்க. எங்க ஆத்தாளும் அப்படித்தான் போட்டா. அந்தச் சோறு எப்படி எறங்கும்னு நீயும் தெரிஞ்சுக்கோணும். அதுவரைக்கும் நான் சாகமாட்டேன்.'"

படித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். சூசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை.

"அம்மிணி வயித்து வலியில பொரண்டப்ப நீ உள்ள இருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்தேனுங்க."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிந்து நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது அரிசி டின்னில் பூட்டுத் தொங்கியது. லாயத்தில் ஓட்ஸ் பெட்டிக்குப் போடுகிற பித்தளைப் பூட்டு. பக்கத்தில் ஒரு தட்டில் அன்றைக்கு மூன்று பேருக்கு வேண்டிய அரிசி அளந்து வைத்திருந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அரிசியைக் கழுவி உலையில் போட்டேன்.

பிலோமினா தலை சீவிக்கொண்டே வந்தாள். பூட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அம்மா, லூர்து பெரியம்மா வந்துட்டாளா?"

"உங்கப்பனைக் கேள்" என்றேன்.

கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்காமல், கூட்டாமல் குறைக்காமல், செவலை வந்த நாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். நான் சோற்றை வடித்து மூன்று தட்டில் வைத்தேன். மகள் தன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் தின்னாமல் வேலைக்குப் போனாள்.